நித்திரை கொள்ளாத கட்டடம்

— மூண்டு மணிக்கு எல்லாரும் நித்திரை எண்டு ஆரடி உனக்குச் சொன்னது?

— நான் சொல்லேல்லை அன்ரி. மாடல் சொல்லுது.

— உந்த மாடல் எங்கடை பார்க்டேல் பக்கம் ஒருநாளாவது வந்து பாத்ததோ?

— அது கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிற கணக்கு. எங்கடை பில்டிங்கை அப்பிடியே உள்ளுக்கை கட்டி, பைப் எல்லாம் பூட்டி, ஒவ்வொரு வீட்டிலையும் ஆக்களை இருத்தி, காலமை எழுப்பி, குளிப்பாட்டி, சமைக்க விட்டு, ராவிலை படுக்கப் போடுறம். எந்த நேரம் எவ்வளவு தண்ணி ஓடவேணுமெண்டு அது சொல்லும். உண்மையிலை எவ்வளவு ஓடினதெண்டு கீழை நிக்கிற பெரிய மீட்டர் சொல்லும். ரெண்டும் ஒத்துவந்தா மாடல் சரி.

— கேட்டியே, இதுக்கே யூனிவேசிற்றியிலை நாலு வருசம் படிச்சனி? ஏரி கடல் மாதிரிக் கீழை கிடக்கு. அள்ளிக் குடிக்கிறதை விட்டிட்டுக் கணக்குப் பாக்கினமாம்.

— ஏரி கீழை, வீடுகள் மேலை. ஏத்துறதுக்கு பம்ப் வேணும், கரண்ட் வேணும், பைப் வேணும். வருசத்துக்கு வருசம் சனம் கூடுது. எங்கை எவ்வளவு வீணாப்போகுதெண்டு தெரிஞ்சாத்தான் சிற்றி புதுப் பைப் போடுறதோ, பழசைத் திருத்திறதோ எண்டு முடிவெடுக்கும். அதுக்குத்தான் எங்கடை கொம்பனியைக் கூப்பிட்டிருக்கினம்.

— சரி, இப்ப என்ன பிரச்சினை? மத்தியானத்திலை மூச்சு வாங்க ஓடிவந்து நிக்கிறாய்.

— மாடலிலை மூண்டு மணிக்கு ஒருதரும் எழும்பேல்லை. மீட்டரோ சுத்திக்கொண்டே நிக்குது. ஆக்கள் படுத்திருக்கேக்கை தண்ணி ஓடினா பைப்பிலை ஓட்டை எண்டு அர்த்தம். என்ரை மனேச்சர் அப்பிடித்தான் எழுதப்போறார்.

— எழுதட்டுமன். எங்கடை பைப்பே?

— ஓட்டையெண்டு எழுதினா, பில்டிங்கை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஒவ்வொரு பாத்ரூம் சுவரையும் உடைச்சுப் பாப்பார். மூண்டு கிழமைக்கு வீடு வீடா ஆக்கள் உள்ளுக்கை வருவினம்.

— ஐயையோ! எட்டாம் மாடியிலை எமில்டா ரெண்டு அறைக்குள்ளை பதினொரு பேரை வைச்சிருக்கிறாள்.

— அதைத்தான் சொல்லுறன். வாடகை லீஸிலை கிடக்கிறது நாலு பேர். பதினொரு பாயைக் கண்டா அடுத்தநாள் வெளிக்கிடச் சொல்லி நோட்டிஸ் வரும்.

— எமில்டா மட்டுமே? கார்த்திகைக் குளிருக்குள்ளை அரைவாசிப் பில்டிங் றோட்டிலை நிக்கும்.

— ரிப்போட் நாளைக்குக் காலமை போகுது. மூண்டு மணித் தண்ணி ஆக்கள் குளிக்கிற தண்ணிதான் எண்டு நான் இண்டைக்குள்ளை காட்டவேணும். இந்தப் பில்டிங்கிலை ஆர் எப்ப வருவினம், எப்ப குளிப்பினம் எண்டது உங்களுக்குத்தான் தெரியும்.

— எங்கடை சனத்தின்ரை பேர்களைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியோ?

— பேரும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. எத்தினை பேர், எத்தினை மணி, அவ்வளவுதான். அதுவும் எங்கடை ஒபீசோடை நிண்டிடும். வீட்டுக்காரருக்குப் போறது ஒரு வரி. ஓட்டை இருக்கு, அல்லது இல்லை.

— பேப்பரை எடு. எழுது. நாலாம் மாடி, இராஜரட்ணம். டவுன்ரவுணிலை ஒபீஸ் கிளீனிங். ரெண்டேமுக்காலுக்கு வருவார். குளிக்காமல் மனிசி அறைக்குள்ளை விடாள், நிலத்துக்குப் பூசுற மெழுகு மணக்குதாம்.

— ரெண்டேமுக்கால். அடுத்தது?

— ஆறாம் மாடி, இக்னேசியஸ். டோனட் கடை. மூண்டு மணிக்கு வரேக்கை தலைமயிர் முழுக்கச் சீனி. அவன் உள்ளுக்கை வர, பெண்சாதி அன்ரனெற் எழும்பிக் குளிச்சு வெளிக்கிடுவாள். அவளுக்கு ஆஸ்பத்திரிக் குசினியிலை வேலை. தண்டவாளத்திலை வாற நாலு மணி ஸ்ரீட்காரை விட்டா அவ்வளவுதான்.

— ஒரே வீட்டிலை ரெண்டு குளிப்பு. நல்லது. எமில்டா அக்கா வீடு?

— அங்கை பிரிட்ஜிலை ரைம்ரேபிள் ஒட்டியிருக்கு. ஆளுக்குப் பத்து நிமிசம். ராவு ரெண்டரையிலை இருந்து நாலு மட்டும் அந்தக் குழாய் பூட்டினதை நான் காணேல்லை. பதினொரு பேரிலை ஏழு பேர் ராவு வேலை. ஒன்பதாம் மாடியிலை உன்ரை மாமா வீட்டையும் எழுது.

— எழுதிப்போட்டன். அங்கை மட்டும் ராவு பத்திலை இருந்து பன்ரண்டு வரைக்கும் ஒரு சொட்டும் ஓடாது.

— ஏழு பேர் இருக்கிற வீட்டிலையோ? ஏன்?

— நான் பாத்ரூமுக்குள்ளை படிக்கிறன். எஞ்சினியர் லைசன்ஸ் சோதினை அடுத்த மாசம். ஹோலிலை ரீவி, அறையிலை பிள்ளையள். பூட்டுற கதவு அது ஒண்டுதான். குளிக்கிற டப்புக்குள்ளை தலையணையைப் போட்டுக் காலை நீட்டினா நல்ல சொகுசு.

— விசரி! முதுகும் நாரியும் முறியும்.

— மாமி கதவிலை தட்டுறதுதான் கரைச்சல். நான் ஒரு சமன்பாடு முடிக்க முந்தி ரெண்டு பேர் கால் மாறி மாறி நிப்பினம்.

— நாங்கள் நாலு பேர் ஒரு பாத்ரூமோடை ஒழுங்காத்தானே இருக்கிறம். எல்லாம் பழக்கத்திலை கிடக்கு, கேட்டியே. பொறு, ஆர் கதவிலை? கஸ்பரே? துறந்துதான் கிடக்கு, வா.

— மங்கை அக்கா, ரெண்டு கரண்டி மிளகாய்த்தூள் தருவியளே? அட, தங்கச்சியும் நிக்குது.

— கஸ்பர் அண்ணை, நீங்கள் எத்தினை மணிக்குக் குளிக்கிறியள்?

— மாதாவே! ஒரு குமர்ப்பிள்ளை கேக்கிற கேள்வியே இது?

— உள்ளதைச் சொல்லடா. உன்ரை தலைக்கு மேலை கூரை இருக்கவேணுமெண்டுதான் கேக்குது.

— பேக்கரி ரெண்டரைக்கு முடியும். மூண்டு மணிக்குக் குளிப்பு. மாதாவே, அந்த மாவு காதுக்குள்ளையும் கிடக்கும், இருபது நிமிசம் எடுக்கும். ஆனா படுத்தென்ன? பதினோராம் மாடியிலை நேர் கீழை நானெல்லோ இருக்கிறன். ஆறரைக்கு ஒருக்கா, ஏழுக்கு ஒருக்கா, ஏழரைக்கு ஒருக்கா அக்கா வீட்டுப் பாத்ரூம் என்ரை தலைமாட்டிலை கொட்டும்.

— மூண்டு ஆம்பிளையள் இருக்கிற வீட்டிலை கொட்டாமல்?

— குறை சொல்லேல்லை. கோயில் மணி பிந்தினாலும் உது பிந்தாது. விநாயகமூர்த்தி அண்ணையைத்தான் கன நாளாக் காணேல்லை. எழும்பிட்டாரோ?

— நித்திரை. அவருக்கும் இப்ப ராவு வேலை. மெல்லக் கதை. இந்தா தூள், நடையைக் கட்டு.

— வாறன் அக்கா. தங்கச்சி, இருபது நிமிசம் எண்டு மாமிக்குச் சொல்லிப்போடாதை. என்னைப் பொம்பிளை எண்டு பகிடி பண்ணுவா.

— கஸ்பர் போட்டான். என்னடி, அறைக் கதவையே பாத்துக்கொண்டு இருக்கிறாய்?

— ஒண்டுமில்லை. மிச்ச மாடியளையும் சொல்லுங்கோ, எல்லாத்தையும் கூட்டுறன்... அன்ரி! மூண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையிலை முப்பத்தொரு குளிப்பு! மீட்டர் காட்டின தண்ணிக்கும் இதுக்கும் ஒரு வாளி வித்தியாசம்கூட வராது. ஓட்டை இல்லை. இந்தப் பில்டிங்குக்கு ராவே இல்லை, அவ்வளவுதான்!

— அப்பிடிச் சொல்லு! உன்ரை மாடலுக்கு இப்பத்தான் சிவ்ட் வேலை எண்டா என்னெண்டு விளங்கியிருக்கு. இரு, தேத்தண்ணி ஊத்துறன்.

— இன்னுமொண்டு கிடக்கு. கணக்கை நம்பலாமோ எண்டு பாக்கிறதுக்கு ஆறு வீட்டிலை சின்ன மீட்டர் பூட்டினவை, நினைவிருக்கோ?

— ஏன் இல்லை? முதல் வீடே என்ரை. நானெல்லோ பூட்ட வந்தவனுக்குக் கேக்கும் தேத்தண்ணியும் குடுத்து உள்ளுக்கை கூப்பிட்டனான். எங்கடை குழாய் ஒரு சொட்டுச் சிந்தாது.

— அஞ்சு வீடு ஒத்துவருது. ஒரு வீடு வரேல்லை. அது சரிவராட்டி மனேச்சர் மிச்சக் கணக்கையும் நம்பமாட்டார். சுவர் உடைபடும்.

— ஆற்றை வீடு? சொல்லு, இப்பவே போய் ரெண்டு வார்த்தை கேக்கிறன்.

— உங்கடை வீடு.

— மீட்டர் பழுது.

— நாலு பேர் எண்டு எழுதித் தந்தனீங்கள்.

— ஓம். இவர், பெடியள் திலக்சனும் வாகீசனும், நான்.

— காலமை மூண்டு குளிப்பு ஓடுது, கஸ்பர் அண்ணை சொன்ன அதே நேரத்துக்கு. ஒவ்வொண்டும் பன்ரண்டு நிமிசம். திங்களும் பன்ரண்டு, ஞாயிறும் பன்ரண்டு. ஆக்கள் அப்பிடிக் குளிக்கமாட்டினம் அன்ரி. ஒருநாள் சவர்க்காரம் முடியும், ஒருநாள் வேலைக்குப் பிந்தும்.

— எங்கடை வீட்டிலை எல்லாம் ஒழுங்கு.

— சரி. ரொய்லெற்? ஒருக்கா இழுத்துவிட்டா பதின்மூண்டு லீட்டர், மீட்டரிலை தனியாத் தெரியும். நாள் முழுக்க அஞ்சு தரம்தான் இழுபடுது. மூண்டு ஆம்பிளையள் குளிச்சுப்போட்டு, ஒருத்தரும் ரொய்லெற்றுக்குப் போகாமல் இருப்பினமோ?

— வேலை செய்யிற இடத்திலை போவினம்.

— அன்ரி.

— கேக்கும் குடுத்து உந்தச் சாமானை வீட்டுக்குள்ளை கூப்பிட்டனே, என்னைச் சொல்லவேணும்.

— அவை எங்கை?

— விட்பியிலை, காரிலை ஒரு மணித்தியாலம். பெடியள் புது வீடு வாங்கி, வைகாசியிலை அங்கை போட்டாங்கள். கடைக்குப் போறதுக்கும் கார் வேணும், கதைக்க ஒரு சனமில்லை, நான் வரமாட்டன் எண்டு சொன்னன். நான் வராட்டி நிப்பாங்கள் எண்டு நினைச்சன். "சரி அம்மா, உங்கடை விருப்பம்" எண்டு போட்டாங்கள். இவரும் புல்லு வெட்டுற மிசினை வாங்கிக்கொண்டு பின்னாலை போட்டார். ஒரு கிழமையிலை திரும்பி வருவினம் எண்டு பாத்தன். இப்ப ஆறு மாசம்.

— ஒருதருக்கும் சொல்லேல்லையோ?

— என்னெண்டு சொல்லுறது? இந்தப் பில்டிங்கிலை எந்தப் புருசன் பெண்சாதி சண்டை பிடிச்சாலும் என்னட்டைத்தான் வருவினம். என்ரை வீடே வெறுமையாக் கிடக்கெண்டு தெரிஞ்சா ஆர் மதிப்பினம்? அதுதான் கீழை கேக்கட்டுமெண்டு குழாயைத் திறந்து விடுறன். அவன்ரை பன்ரண்டு நிமிசத்துக்கு அடுப்பு மணியை வைச்சு.

— ஆற்றை பன்ரண்டு நிமிசம்?

— வாகீசன்ரை. சின்னனிலை இருந்தே அவன் அவ்வளவு நேரம்தான் குளிப்பான். கஸ்பருக்காக எண்டு துவங்கினது பிள்ளை. இப்ப அந்தச் சத்தம் இல்லாட்டி எனக்குத்தான் விடியாது.

— நாளைக்கு முன்னூற்றி அறுபது லீட்டர் அன்ரி.

— தெரியும். வீண்தான். நாலெண்டே கிடக்கட்டுமன், என்ன குறையப்போகுது?

— நாலெண்டா கணக்கு நிக்காது. எமில்டா அக்கா வீடு வெளியாலை. கஸ்பர் அண்ணையும் வெளியாலை.

— ஒண்டெண்டு எழுது.

— எழுதிப்போட்டன். காலமை ஓடுறது குளிப்பில்லை, சும்மா திறந்து விட்ட குழாய் எண்டும் போட்டிருக்கிறன். பேர் இல்லை அன்ரி, வெறும் "முதலாம் வீடு" எண்டுதான் கிடக்கு. இப்ப ஆறும் ஒத்துவருது. சுவர் உடைபடாது.

— ஒண்டு. பாக்க எவ்வளவு சின்னனாக் கிடக்கு. பக்கத்திலை அது என்ன வெறுங் கட்டம்?

— அடுத்த வருசம் எத்தினை பேர் இருப்பினமெண்டு. வரப்போற தேவையையும் மாடல் சொல்லவேணும். தெரியாட்டி அதே நம்பரைத் திருப்பி எழுதுறது.

— அதிலை ரெண்டெண்டு எழுது.

— அங்கிள் வருவாரோ?

— அவர் விட்பியிலை புல்லு வெட்டட்டும். நீ கீழை போய், அந்த டப்புக்குள்ளை கிடக்கிற உன்ரை தலையணையை எடுத்துக்கொண்டு வா.