மேலாளர் தண்ணீர் ஊற்றிய மூன்று தட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் மலர்வளையமும் கையுமாக அமர்ந்திருக்கும் விதைக் கம்பெனி மேலாளர் அவர்களே, பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஆய்வகத் தோழர்களே, வணக்கம்.

நான் இறந்தவனின் தாய்மாமன். அவன் நெல் ஆராய்ச்சியில் பட்டம் வாங்கிய அன்று பாதிக் கைதட்டல் எனக்குத்தான் விழுந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆளில்லை.

நீங்களெல்லாம் 'நாற்று டாக்டர்' என்று கூப்பிட்ட அவன் இந்தக் கம்பெனி ஆய்வகத்தில் செய்த குற்றம் என்ன? பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து பூசிய நெல்விதையைக் கம்பெனி விற்றது. கூடவே களைக்கொல்லியும் விற்றது. தனித்தனியே சோதித்தார்கள், இரண்டும் தேறின. இரண்டையும் சேர்த்துச் சோதித்தார்களா? என் மருமகன் சோதித்தான். நாற்றின் வேர் கட்டையாக நின்றது, இலை சுருண்டது. "ரெண்டையும் ஒண்ணா விக்காதீங்க சார்" என்றான்.

மேலாளர் என்ன சொன்னார்? "உனக்குத் தண்ணி ஊத்தத் தெரியலய்யா. உன் கை பட்டா புல்லுகூட முளைக்காது." எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனைச் சாக்குக் கிடங்கில் உட்கார வைத்தார். அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். "நான் ஒழுங்காத்தான் தண்ணி ஊத்தினேன்" என்பதே அன்று காலை மனைவியிடம் அவன் சொன்ன கடைசி வார்த்தை.

மன்னிப்பதா? நானா? என்னை முட்டிய எருமையோடு அது சாகும்வரை பேசாதவன் நான்.

ஆகவே சோதனையை மறுபடி நடத்தினோம். வேதியியல் ஆசிரியையான அவன் மனைவி, பையில் அச்சிட்ட அளவுப்படியே இரண்டு மருந்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் தட்டுகளில் கலந்து, எதில் எது என்று அடியில் பெயர் ஒட்டினாள். விதைத்த மூன்று தட்டுகளையும் மேலாளர் அறைக்கு நானே சுமந்துபோனேன். "அவன் ஞாபகமா இருக்கட்டும் ஐயா. உங்க கையால தண்ணி ஊத்தினா அவன் மனசு குளிரும்" என்றேன். தினமும் ஊற்றினார். படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். உங்கள் கைப்பேசியிலும் இருக்கும்.

இதோ, அவர் அறையிலிருந்து இந்த மேடைக்குக் கொண்டுவந்த தட்டுகளின் துணியை விலக்குகிறேன். இரண்டு தட்டில் நாற்று நிமிர்ந்து நிற்கிறது. மூன்றாவது தட்டின் கதியைப் பாருங்கள்.

நாற்று டாக்டரே, உன் வேலை நிற்காது. இந்த விதை விற்கும் ஒவ்வொரு கடை வாசலிலும் இப்படி மூன்று தட்டு வைப்போம். இது உன் மாமன் வாக்கு.

மேலாளர் அவர்களே, மலர்வளையம் அப்புறம் வைக்கலாம். மேலே வாருங்கள். மூன்றாவது தட்டைத் தூக்கி, அடியில் எந்தெந்த மருந்தின் பெயர் ஒட்டியிருக்கிறது என்று சத்தமாகப் படியுங்கள். தண்ணீர் ஊற்றிய கை யாருடையது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.