கேட்டால்தான் துடக்கு

எங்கள் அபார்ட்மென்டுக்கு வருபவர்கள் நேரே வந்து கதவைத் தட்ட முடியாது. கீழ்வாசலில் நின்று எங்கள் இலக்கத்தை அழுத்த வேண்டும். மேலே வீட்டு ரெலிபோன் அடிக்கும். நாங்கள் எடுத்து ஒன்பதை அழுத்தினால் கதவு திறக்கும். ஸ்காபரோவில் அநேகமான கட்டடங்களில் இப்படித்தான். ஆகவே ஒரு பழைய ரெலிபோனை நான் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

இன்று மத்தியானம் பஸ்ரியன் அண்ணை சாப்பிட வருகிறார். ஊரில் எங்களுக்குப் பக்கத்து வளவு. கனடாவுக்கு வந்து ஒரு மாதம்தான். பிறம்ரனில் என் கணவர் சிறீ வேலை செய்யும் வெயார்ஹவுஸிலேயே சேர்ந்திருக்கிறார். "உம்மட அம்மாவைக் கண்டு நேர சொல்ல ஒண்டு கிடக்காம், என்னெண்டு எனக்கும் சொல்லேல்லை," என்று சிறீ வந்து சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. ஊரில் என் தம்பியோடு இருந்துவிட்டு வந்த ஆள் அல்லவா. குசினியில் வடை சுட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் சொல்ல வருவது எனக்குத் தெரியும். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என்ன இருந்தாலும் எங்கள் வீட்டு விஷயம்.

தொண்ணூற்றாறில் எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்குள் என் கலியாணம் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை அப்பா போனார். ஆண்டுத்திவசம் முடியட்டும் என்று அம்மா சொல்ல, மாப்பிள்ளை அதற்குள் வேறிடத்தில் முடித்துவிட்டார். அடுத்த முறை ஊரில் பெரியப்பா. குண்டு விழுந்தது சித்திரையில். செய்தி இங்கே வந்து சேர்ந்தது ஆனியில். "அவர் செத்துக் கனகாலம் அம்மா, துடக்கெல்லாம் கழிஞ்சிருக்கும்," என்றேன். சாவுத் தீட்டு கழியும்வரை கலியாணம் வைக்க முடியாது. "விசர்க் கதை கதையாதை. கேள்விப்பட்ட நாளில இருந்துதான் துடக்கு," என்றார் அம்மா. அதுவரை நாங்கள் கோயிலுக்குப் போனது, பொங்கியது, படைத்தது எதுவும் பிழையில்லையாம். காதில் விழாத சாவு சாவே இல்லை. அந்த மாப்பிள்ளையின் தாய் என்னை ராசியில்லாத பொம்பிளை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படிப்பில் கெட்டிக்காரி இல்லை. ஆனால் ஒரு சட்டம் விளங்கிவிட்டால் மறக்கமாட்டேன்.

மூன்றாவதாக வந்தவர்தான் சிறீ, முழுப்பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. நல்ல மனிதர், தலைமயிர் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. ஆவணியில் நாள் வைத்தார்கள். அவருடைய தாய் அடிக்கடி ரெலிபோன் எடுப்பார்.

"பாமினி, உங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை மாமி, எல்லாரும் சுகம்."

"இருந்தா இப்பவே சொல்லிப்போடும் பிள்ளை. பிறகு ஐயரையும் மேளத்தையும் திருப்பி அனுப்பேலாது."

எங்கள் பக்கத்தில் அங்கே மிஞ்சியிருந்தது தம்பி தரன் மட்டும். அவன் பஸ்ரியன் அண்ணை குடும்பத்தோடு இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் இருந்தான்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், பஸ்ரியன் அண்ணை வவுனியாவிலிருந்து ரெலிபோன் எடுத்தார். தம்பிக்கு ஷெல் பட்டதையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததையும் சொன்னார். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று கேட்டுக்கொண்டேன். அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்; நாளைக்குத் தாலி ஏறப்போகிறவளுக்குத் துடக்கு என்றால் என்ன என்று அவருக்கு விளக்க அந்த நேரம் போதாது.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளையின் காலைக் கழுவத் தம்பியின் இடத்தில் சித்தியின் மகன் நின்றான். அம்மா அன்று சிரித்ததுபோல நான் ஒருநாளும் கண்டதில்லை. படம் இருக்கிறது, பார்க்கலாம். அந்தச் சிரிப்பு என்னால் வந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஒரு மாதம் போகட்டும், சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பிறகு நவராத்திரி வந்தது, பிறகு தீபாவளி. நல்ல நாளில் சொல்ல மனம் வராது. மற்ற நாட்களில் அம்மாவுக்கு முழங்கால் நோ. "தரன் ஏன் எடுக்கிறானில்லை?" என்று அம்மா கேட்கத் தொடங்கியபோது, நான் றிசீவரைத் தூக்கி, ஊ என்று இரைந்துகொண்டிருந்த வெறும் லைனோடு கதைத்தேன். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதற்குள், "கட்டாப் போச்சம்மா."

"என்னவாம்?"

"உங்கட முழங்கால் எப்பிடி எண்டு கேட்டவன்."

"உவனோ? உவன் எப்ப என்ர முழங்காலைக் கேட்டவன்?" என்று சொல்லி, வெட்கப்பட்டதுபோலச் சிரித்தார்.

உண்மைதான். உயிரோடு இருந்தபோது தரன் அம்மாவின் முழங்காலை ஒருநாளும் விசாரித்ததில்லை. என் கையில் அவன் நன்றாகத் திருந்தினான். பொறுப்பு வந்தது, சாமி கும்பிடத் தொடங்கினான், சிகரெட்டை விட்டான். வருஷக்கணக்காக அம்மா வெள்ளிதோறும் அவன் ஆயுளுக்கு விரதம் இருக்கிறார். அவனுக்கு எட்டாம் நாள் சடங்கும் செய்யவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை. ஒரு காகத்துக்குக்கூட ஒரு பிடி சோறு வைக்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, இப்போதெல்லாம் அம்மா இல்லாத நேரத்திலும் நான் றிசீவரை எடுக்கிறேன். அந்த இரைச்சலுக்கு அடியில் அவன் இருக்கிறான். முழங்கால் பற்றியெல்லாம் கேட்பதில்லை. ஒன்றைத்தான் கேட்கிறான்.

"அம்மா எங்கை அக்கா?"

"கோயிலுக்குப் போட்டா," என்பேன்.

ஏன் அதையே கேட்கிறான் என்பதையும் சொல்லிவிடலாம். பஸ்ரியன் அண்ணை அன்று எடுத்தபோது தரன் சாகவில்லை.

"பெடியன் தாங்கமாட்டான் பிள்ளை," என்றுதான் அவர் சொன்னார். "அம்மாவின்ர குரலைக் கேக்கவேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். ஆஸ்பத்திரிக்கு முன்னால ரெலிபோன் கடை ஒண்டு கிடக்கு. தள்ளுகட்டிலோட கொண்டுவந்து அரை மணித்தியாலத்தால எடுக்கிறன். அம்மாவைக் கூப்பிட்டு வை."

கோயில் அடுத்த தெருவில்தான். அரை மணித்தியாலம் தாராளம். ஆனால் அம்மா அவன் குரலைக் கேட்டால் ஓலம் வைப்பார். பிறகு ஐயரும் இல்லை, மேளமும் இல்லை. எப்படியும் போகப்போகிறவன், போனதை நாங்கள் கேட்பதா இல்லையா என்பது மட்டும்தான் மிச்சம். நான் சுவரில் செருகியிருந்த ரெலிபோன் வயரைக் கழற்றினேன். லைன் பழுது என்றேன். கலியாண அமளியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. தாலி ஏறி வீட்டுக்கு வந்ததும், கூறைச் சேலையோடு குனிந்து நானே செருகினேன்.

கலியாணத்துக்கு அடுத்தநாள் பஸ்ரியன் அண்ணை திரும்ப எடுத்தார். "முடிஞ்சுது பிள்ளை," என்றார். "கனநேரம் மணி அடிச்சது. ஒருத்தரும் எடுக்கேல்லை. அவன் றிசீவரைக் காதில இருந்து எடுக்க விடேல்லை. 'அம்மா கோயிலுக்குப் போயிருப்பா அண்ணை, இன்னும் ஒருக்கா அடிச்சுப் பாப்பம்' எண்டான்."

வயரைக் கழற்றினாலும் எடுக்கிறவர் காதில் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். அது எனக்கு அன்று தெரியாது. இன்று தெரியும்.

அம்மா வடையை மூடிவைத்துவிட்டு வந்து ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். "இன்னும் மனுசனைக் காணேல்லை."

"பஸ் பிந்தியிருக்கும் அம்மா."

பஸ்ரியன் அண்ணை இப்போது கீழே நின்று எங்கள் இலக்கத்தை அழுத்திக்கொண்டிருப்பார். அவர் காதில் மணி அடிக்கும். கொஞ்சம் பொறுத்து, கோயிலுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். வயரின் நுனி என் உள்ளங்கையில் இருக்கிறது. என் தம்பியை இன்றைக்கும் ஒருவரும் சாகவிட நான் சம்மதிக்கமாட்டேன். கூடப்பிறந்தவள் இதைக்கூடச் செய்யாவிட்டால், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.