கனடாவுக்குப் போகும் வெயில்

சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் பட்டாசு கம்பெனி வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

“கனடாவுல எம் மக வெயில மாத்திரையா முழுங்குதா.”

“என்னக்கா சொல்றீக?”

“குளிர் வந்தாப் போதும், ஃப்ளூ காய்ச்சல்ல படுத்துருதா. வெயிலே படாம வைட்டமின் டி கொறஞ்சுபோச்சாம், நோயை எதுக்க ஒடம்புல தெம்பில்லையாம். டாக்டரு மாத்திரை குடுத்துருக்காரு. நாம வெடி காயப்போடுற மேடைய ஒருக்காப் போன்ல காட்டும்மாங்குதா.”

“போனைத்தான் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சுருவாகளே?”

“அதான் கேட்டுக்கு வெளிய நின்னு வெயில மட்டும் காட்டிட்டு உள்ள போறேன். அங்க அப்ப ராத்திரி.”

“கண்ணு கூசாதாக்கா?”

“எனக்குக் கூசுது. அவ கண்ணக்கூட மூடாமப் பாத்துக்கிட்டே இருக்கா.”