காரைக்காலில் பிறந்த பிள்ளை

கோட்டுச்சேரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த அம்மா திடீரென்று சொன்னார்:

"பொறக்காத புள்ளைக்குக் காலேஜ் சீட்டு புடிச்சவ நான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"எம்பொண்ணு தலைப்பிரசவத்தை மெட்ராஸ்லயே வச்சுக்கறேன், அவரு கூட இருப்பாருன்னா. காரைக்கால்ல பொறந்தா பின்னாடி பாண்டிச்சேரி கோட்டாவுல சீட்டு கிடைக்கும்னு நாந்தான் இழுத்துட்டு வந்தேன். முன்னாடியே வலி வந்துடுச்சு. மாப்பிள்ளை பஸ் ஏறி வர்றதுக்குள்ள புள்ள பொறந்துடுச்சு. அவரைக் கேட்டுக் கேட்டு அழுதா."

"கோட்டாவுக்கு இங்க குடியிருக்கணுமேக்கா. பொறந்தா மட்டும் போதாதே."

"இப்பத்தான் தெரியுது."

"விடுங்க. மறுபடி உண்டாயிருக்காளாமே, அதையாவது அவ இஷ்டத்துக்கு விடுங்க."

பஸ் கோவில்பத்தைத் தாண்டியது. அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்:

"எத்தனை மாசமாம்?"