எல்லை தாண்டினா வெத்துக் காகிதம்

— இன்னொரு தடவை தட்டிப் பாருங்கம்மா. கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுது.

— மூணு தடவை தட்டிட்டேன் சார். உங்க லைசென்ஸை முடக்கி வச்சிருக்கு. இன்னைக்குப் புதுப்பிக்க முடியாது.

— என்னம்மா சொல்றீங்க? நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன். இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே ஓட்டக் கத்துக் குடுக்குறேன். பத்து மணிக்கு எட்டுப் பேருக்கு டெஸ்ட். நான் பக்கத்துல உக்காராம ஒருத்தரும் வண்டியைத் தொட முடியாது.

— போன வருஷம் பக்கத்து மாநிலத்துல சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனீங்களா?

— அதுவா. மஞ்சள்ல நின்னு யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் முந்திக்கிட்டேன்.

— அபராதச் சீட்டு குடுத்தாங்களா?

— குடுத்தாங்க. பாருங்கம்மா, அது அவங்க ஊர்ச் சீட்டு. எல்லை தாண்டினா வெத்துக் காகிதம். முன் கண்ணாடியைத் துடைச்சுத் தூக்கிப் போட்டேன்.

— நீங்க துடைச்சீங்க. அவங்க நமக்கு எழுதிப் போட்டுட்டாங்க. அங்க பதில் சொல்லலைன்னா இங்க லைசென்ஸை முடக்குவோம். ரெண்டு மாநிலத்துக்கும் ஒப்பந்தம் இருக்கு சார்.

— ஆத்துத் தண்ணிக்கு அம்பது வருஷமா அடிச்சுக்கறாங்க. என்னைப் பிடிக்க மட்டும் கூட்டு சேந்துட்டாங்களா?

— வீட்டுக்கு மூணு லெட்டர் வந்திருக்கணுமே.

— வந்துச்சு. பிரிக்கல. பிரிச்சாத்தானே வம்பு.

— இப்ப பிரிக்காமலே வந்திருச்சு.

— சரிம்மா, தப்புதான். இங்கயே கட்டிடறேன், விட்ருங்க.

— இங்க வாங்க மாட்டோம். அந்த ஊர் கோர்ட்டுல முடிச்சு, அவங்க நமக்குத் தகவல் அனுப்பணும். அப்புறம்தான் திறக்க முடியும்.

— எத்தனை நாள் ஆகும்?

— மூணு வாரம்னு சொல்வாங்க.

— என் பொழப்பே போச்சும்மா. மாஸ்டர் லைசென்ஸே முடங்கிக் கிடக்குன்னு தெரிஞ்சா எவன் என்கிட்ட ஸ்டியரிங்கைப் பிடிப்பான்? நீங்களும் வண்டி ஓட்டுறவங்கதானே, கொஞ்சம் மனசு வைங்க.

— ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன் சார். ஏழு வாரமா பஸ்லதான் வர்றேன்.

— ஏம்மா, வண்டி ரிப்பேரா?

— வண்டி நல்லாத்தான் இருக்கு. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி பக்கத்து மாநிலத்துல ஒரு சீட்டு வாங்கினேன். கிழிச்சுப் போட்டுட்டேன்.

— அடப் பாவமே. படிச்ச பொண்ணு. யாரும்மா உங்களுக்கு அப்படி ஒரு புத்தி சொல்லிக் குடுத்தது?

— நீங்கதான் மாஸ்டர். ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்த அன்னைக்கு. நான் நோட்டுல எழுதி வேற வச்சேன்.