ட்யூபுக்கு மூச்சு வாங்குது

— கதவத் திறக்காத. இப்பத்தான் குளியலறை முழுக்க ஆவி கட்டியிருக்கு. நீ வெந்நீர் மாத்திட்டுப் போனப்பவே பாதி போயிடுச்சு.

— திறக்கலங்க. வெளியில உக்காந்துதான் பேசறேன். முக்கா மணி நேரமா உள்ளயே இருக்கீங்களே, இன்னிக்குக் கடை திறக்கலையா?

— பஞ்சர் எங்கயும் ஓடிப் போயிடாது. இங்க ஒரு வாத்துக் குஞ்சு மூச்சு விட முடியாம கெடக்கு. நான் போயி சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டு இருக்கணுமா?

— சரி சரி. கூடை மேல துணி போட்டு மூடியிருக்கேன், அத மட்டும் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்காதீங்க. சூடு போயிடும்.

— பாத்தா மட்டும் என்ன தெரியப் போவுது? மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. எனக்குக் கண்ணு எதுக்கு, காது இருக்கு. இந்தா, அந்த ரேடியோவ நிறுத்து. எண்ண முடியல.

— நிறுத்திட்டேன்.

— சமத்து. அப்படியே ஒரு துண்டு எடுத்துக் குடு.

— எழுந்திரிக்க முடியாதுங்க. மடியில வேலை இருக்கு.

— எந்நேரமும் தையல்தான் உனக்கு. சரி, பேசாம இரு. கூடை மேல காத வச்சிருக்கேன். புஸ்ஸு... கீச்சு... புஸ்ஸு... கீச்சு. பாவம், தூக்கத்துலயும் இழுக்குது.

— எத்தன?

— நிமிஷத்துக்கு இருபத்தி நாலு. நேத்தும் அதான், முந்தாநாளும் அதான். கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸ்ல எழுதிட்டே வர்றேன். ஒரு வாரமா அசைய மாட்டேங்குது.

— மாட்டு டாக்டர் என்னவோ அஞ்சாம் நாளே சரியாயிடுச்சுன்னாரு. மொத நாலு நாளு வாயத் திறந்துட்டு, மூச்சுக்கு ஒரு தரம் வால ஆட்டிட்டு கெடந்துச்சு, நெசந்தான். அடியில போட்ட வைக்கோல்ல பூஞ்சை, தூக்கிப் போடுங்கன்னாரு. சொட்டு மருந்து குடுத்தாரு. அஞ்சாம் நாளு தீனிய மிச்சம் வைக்காம தின்னுட்டு என் கால் கட்டைவிரலக் கொத்துச்சு.

— அவரு குழாய வச்சுக் கேக்குறாரு. நான் வெறும் காதால கேக்குறேன். முப்பத்தோரு வருஷம். தண்ணியில முக்காமலே ஓட்டை எந்தப் பக்கம்னு சொல்றவன் நானு. இது கடைத் தொட்டிக்குள்ள வந்து விழுந்த அன்னிக்கே சொன்னேன், இதுக்குள்ள கசிவு இருக்குன்னு. ஆளாளுக்குச் சிரிச்சாங்க, ட்யூபுன்னு பேரு வேற வச்சாங்க. கசிவு இருந்துச்சா இல்லையா?

— இருந்துச்சு.

— இப்பவும் இருக்கு.

— இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே.

— நேத்து நடந்த கூத்தக் கேளு. பார்க்குல நடந்துட்டு வந்து, நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு மாடி ஏறறேன். ரெண்டாவது மாடி வர்றதுக்குள்ள அதுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நின்னு எண்ணினேன். முப்பத்தி ரெண்டு. படி ஏறினது நானு, மூச்சு வாங்கினது அது. இத எந்த டாக்டர்கிட்ட போயி சொல்றது?

— அடப்பாவமே. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

— எனக்கென்ன? கைப்பிடியப் பிடிச்சுட்டு நின்னேன். அதுக்காகத்தான் நின்னேன்.

— எவ்வளவு நேரம்?

— அதுக்கு ஆறுற வரைக்கும். வயசாகலன்னாலும் ரொம்ப உணர்ச்சிவசப்படுது. அன்னிக்கு அந்த லாரிக்காரன், ஒட்டு பிரிஞ்சிடுச்சுன்னு வந்து குதிச்சான்ல? கூடை என் மடியில. நான் குரல் உசத்த உசத்த உள்ள இதுக்கு எகிறுது. ரோஷக்கார வாத்து. எனக்காகக் கோவப்படுது.

— நன்றி உள்ள ஜீவன்.

— சிகரெட்டும் அப்படித்தான்.

— எந்த சிகரெட்டு? வாத்துக்குப் புகை ஆகாதுன்னு தலைமுழுகிட்டேன்னீங்களே.

— தலைமுழுகிட்டேன். பதினோரு நாளு ஆச்சு. நடுவுல ஒண்ணே ஒண்ணு, கடைக்குப் பின்னாடி போயி. கூடைய உள்ளதான் வச்சுட்டுப் போனேன். திரும்பி வந்து காத வைக்கிறேன், கொர கொரன்னு சத்தம். அவ்வளவு தூரம் புகை எட்டியிருக்கு பாரேன். எனக்கே வெக்கமாப் போச்சு. மிச்சப் பாக்கெட்டு மொத்தத்தையும் தொட்டித் தண்ணியில முக்கிட்டேன்.

— இருபத்தஞ்சு வருஷமா நான் தலையால தண்ணி குடிச்சும் நடக்காத காரியம்.

— நீ வாத்து இல்லையே.

— என்னமோ போங்க.

— டாக்டர் சொன்னாருன்னு நீ சொன்ன ஒண்ணையும் நான் தட்டல. அது உங்க நெஞ்சு மேல சாஞ்சு தூங்கணும், நீங்க தலகாணி அண்டக் குடுத்து உக்காந்தபடி தூங்குங்கன்ன. தூங்கறேன். காலையில அத அரை மணி நேரம் நடத்தணும்ன. தெருவே நின்னு பல்லக் காட்டுது, நடக்கறேன். வாத்து இருக்கற வீட்டுல பொரிச்சது ஆகாதுன்ன. அது ஏன்னுதான் இன்னி வரைக்கும் புரியல.

— எண்ணெய்ப் புகைங்க.

— உப்பையும் கொறைக்கணும்னியே. உப்புல ஏது புகை?

— டாக்டர் சொன்னா காரணமா கேட்டுட்டு இருப்பாங்க?

— அதுவும் சரிதான்.

— ஏங்க.

— சொல்லு.

— உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் இழுத்துச்சு.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— எனக்கென்ன எனக்கென்னன்னே சொல்லிட்டு இருந்தாரு. டாக்டரப் பாருங்கன்னா, கடைய யாரு பாக்கறதும்பாரு. சக்கரத்தக் கழட்டிட்டு இருக்கும்போதே அப்படியே உக்காந்தவரு எழுந்திரிக்கவே இல்ல. நீங்கதானே போயித் தூக்கினீங்க.

— நான்தான் தூக்கினேன்.

— எனக்குப் பயமா இருக்குங்க. நெசமாவே பயமா இருக்கு.

— ஏய். அழறியா? அழாத. நான் இருக்கேன்ல. ஒண்ணு சொல்லட்டுமா, உன்கிட்ட கூட சொன்னதில்ல. அண்ணன் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறப்பல்லாம் என் காதுக்குக் கேட்டுச்சு. புஸ்ஸு, கீச்சு. ரெண்டு வருஷம் கேட்டுச்சு. பெரியவரு, அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன். அதனாலதான் இத விட மாட்டேங்கறேன். கசியுதுன்னு காதுல விழுந்த பிறகு சும்மா இருக்கறது பாவம்.

— அப்ப எனக்கு வாக்குக் குடுங்க. கசியுதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பாத்துக்கலாம், கடையில ஆளு இல்ல, அதெல்லாம் பேசக் கூடாது.

— பேச மாட்டேன். என் காது மேல சத்தியம்.

— ஊசி போடணும்னா?

— போடட்டும்.

— எக்ஸ்ரே எடுக்கணும்னா?

— எடுக்கட்டும். பத்து நாளு படுக்க வைக்கணும்னாலும் நான் கூட இருக்கேன். வேற என்ன வேணும் உனக்கு?

— ஒண்ணும் வேணாம். பதினோரு மணிக்கு டோக்கன் போட்டிருக்கேன். பெரிய ஆஸ்பத்திரி, நெஞ்சு டாக்டரு.

— பெரிய ஆஸ்பத்திரியா? அது மனுஷங்களுக்குல்ல?

— பேசியாச்சு. வரச் சொல்லிட்டாங்க.

— வாத்தையா?

— அழைச்சிட்டு வாங்க, பாக்கறேன்னாரு டாக்டரு.

— கெட்டிக்காரிதான் நீ. எப்படித்தான் பேசிச் சம்மதிக்க வச்சியோ. போறப்ப இந்தக் கதவு கணக்க ஒரு தாள்ல எழுதிக்கணும்.

— எழுதிக்கலாம். கடைசியா ஒரு தடவ எண்ணிச் சொல்லுங்க. நல்லா காத வச்சு.

— இரு. புஸ்ஸு... கீச்சு... புஸ்ஸு... கீச்சு... ம். இருபத்தாறு. ஏறிப் போச்சு. நீ அழுதது அதுக்கும் மனசு கஷ்டமாயிடுச்சு போல.

— நல்லா கேட்டீங்களா? வெளியிலேர்ந்து எதுவும் வரலையே?

— யாரக் கேக்கற? முப்பத்தோரு வருஷம். சத்தம் இந்தக் குளியலறைக்குள்ளேர்ந்துதான் வருது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

— அப்ப சட்டைய மாட்டிட்டு வாங்க, ஆட்டோ கீழ நிக்குது. கூடைய அங்கயே வச்சிடுங்க. நான் வெந்நீர் மாத்த வந்தப்பவே ட்யூப எடுத்துட்டேன், என் மடியிலதான் தூங்குது.