மூன்று முறை கடைசி பேட்ஜரை வழியனுப்பிய லோரெட்டா பாசோரெக் அம்மையாருக்கு

டெட்ராய்ட் தந்த திருவே! வண்டி ஆர்டர் வாங்கும் மேசையை ஆண்ட அரசியே! முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த ஆலையின் மூச்சாகவும் முணுமுணுப்பாகவும் விளங்கி இன்று பணி ஓய்வு பெறும் லோரெட்டா அம்மையாரே, வணக்கம்!

எட்டு சிலிண்டர் எஞ்சின் உறும வரும் எங்கள் மஸில் கார் பேட்ஜரை நிர்வாகம் நிறுத்துவது இத்தோடு மூன்றாவது முறை. முதலில் பெட்ரோல் விலை என்றார்கள்; அடுத்து புகைக் கட்டுப்பாடு என்றார்கள்; இப்போது மின்சார வண்டி என்கிறார்கள். முந்தைய இரு முறையும் கடைசி வண்டியின் பானட்டுக்கு உட்புறம் நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டோம், கேக் வெட்டினோம், வெட்கமில்லாமல் அழுதோம். நீங்கள் மட்டும் பேனாவைத் தொடவில்லை. "போங்கடா, இதெல்லாம் ஒரு கடைசியா? இனிமே கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்கல்ல, நாளைக்கே வரிசையில வந்து நிப்பானுங்க" என்றீர்கள். நின்றார்கள். நிர்வாகமும் அசடு வழிய உற்பத்தியைத் தொடர்ந்தது. எங்கள் நானூறு பேர் வேலையும் தப்பியது.

வருடம் முழுவதும் எட்டிப் பார்க்காமல், நிறுத்தப்போகிறோம் என்றதும் தொலைபேசியில் ஒப்பாரி வைக்கும் ரசிகப் பெருமக்களைப் பொறுத்த உங்கள் பொறுமையை என்னென்பது! "அழுவுறீங்களே சார், இப்ப என்ன வண்டி ஓட்டுறீங்க?" என்று ஒருவரைக் கேட்டீர்கள். "மினிவேன்" என்றார். "அப்ப அதைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று போனை வைத்தீர்களே, அதற்கே உங்களுக்குச் சிலை வைக்கலாம்!

இம்முறையும் அந்தக் கூத்துதான் என்று நம்பிக் கிடந்தோம். பெயின்ட் பிரிவு டுவெய்ன் வேறு வேலைக்கு மனுகூடப் போடவில்லை. இன்று காலை கடைசி பேட்ஜர் உற்பத்தி வரிசையிலிருந்து இறங்கியது. நீங்கள் மெல்ல நடந்து வந்து, டுவெய்னிடம் பேனா வாங்கிக் கையெழுத்திட்டீர்கள்.

"என்னக்கா இது, நெசமாவா?" என்றான் அவன்.

"இந்தத் தடவை ஒருத்தன்கூட போன் பண்ணி அழலைடா" என்றீர்கள்.

பண்பின் உறைவிடமே, இதைச் சொல்ல இந்த நாள்தானா கிடைத்தது! வெட்டிய கேக் யாருக்கும் இறங்கவில்லை. முழங்கால் வலி தீர்ந்து, பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, நூறாண்டு கடந்தும் நலமாக வாழுங்கள். ஆனால் போவதற்கு முன் ஒரு விண்ணப்பம். அந்த வண்டி வாசலில்தான் நிற்கிறது. மை அழிக்கத் தின்னரும் துணியும் இந்த விழா மேடையருகே வைத்திருக்கிறோம். அந்தக் கையெழுத்தை அழித்துவிட்டுப் போங்கள்.

இங்ஙனம்,
இன்னும் வேறு வேலை தேடாத
பேட்ஜர் பிரிவினர்